உங்களுக்கு என்ன விருப்பம்?

இலண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சேர்ச் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு எல்லாவற்றையும் நாங்கள் அங்கேயே கொண்டாடிய காலம் அது. அந்த மண்டபத்துக்குள் அக்கா வந்தால் சனம் மெல்ல மெல்ல இடம் மாறும். யாரும் எழுந்து ஓடமாட்டார்கள், அது மரியாதை இல்லை. பிள்ளைக்குப் பால் கரைக்கவேண்டும், காரை வேறு இடத்தில் விடவேண்டும் என்று ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி நழுவுவார்கள். நழுவமுடியாமல் அகப்பட்டவரின் பக்கத்துக் கதிரையில் அக்கா வந்து உட்காருவார். கைப்பையை மடியில் வைப்பார். சுகம் விசாரிக்கமாட்டார். கொஞ்ச நேரம் அந்த ஆளின் தட்டைப் பார்ப்பார். பிறகு காலைப் பார்ப்பார். பிறகுதான் கேட்பார்.

“உங்களுக்குச் சாப்பாட்டில என்ன விருப்பம்?”

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அக்காவை யாரென்று தெரியாதவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருமுறை சட்டனில் இருந்து வந்திருந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் அகப்பட்டுக்கொண்டார். “எனக்கா? எண்ணெய்க் கத்தரிக்காய் இருந்தாப் போதும்மா, வேற ஒண்ணுமே கேக்கமாட்டேன்” என்று வாய் நிறையச் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பாவம், நல்ல மனிதர் என்று என் மனைவி காதுக்குள் சொன்னாள், அவர் ஏற்கெனவே போய்விட்டார் என்பதுபோல.

அக்கா என்றுதான் முகத்துக்கு முன்னால் சொல்வோம். முதுகுக்குப் பின்னால் படையல் அக்கா. எங்கள் சனத்தில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள் அவருக்கு விருப்பமான சாப்பாடுகளைச் சமைத்து, ஓர் அறையில் இலை போட்டுப் படைப்போம். எட்டுச் செலவு என்று அதற்குப் பெயர். இலண்டனில் அதற்குள் ஆயிரம் சிக்கல். பிணம் கையில் கிடைக்கவே பத்து நாள் செல்லும், அப்படியென்றால் எட்டு எந்த எட்டு என்று செத்தவீட்டில் சண்டை நடக்கும். சாம்பிராணி போட்டால் புகை அலாரம் அலறும். இதையெல்லாம் விட, படைக்கச் சாமான் இருக்காது. செத்தவர் ஆசைப்பட்டது முருங்கையிலை வறையாக இருக்கும், கடையில் கிடைப்பது முட்டைக்கோவாவாக இருக்கும். இந்த இடத்தில்தான் அக்காவைக் கூப்பிடுவார்கள். எண்பதுகளின் நடுவில் தொடங்கி ஒரு பத்து வருடம், ஈஸ்ட் ஹாமில் இருந்து பிளேஸ்டோ வரை, செத்தவர்களுக்கெல்லாம் அக்காதான் சமைத்தார்.

வேலை அவருக்கு ஒரு சான்ட்விச் ஃபாக்டரியில். நாள் முழுக்கக் குளிரறைக்குள் நின்று வெள்ளைப் பாண் துண்டுகளுக்கு நடுவில் முட்டையும் இலையும் வைத்து அடுக்கவேண்டும். அதனால் அவர் கை எப்போதும் குளிர்ந்திருக்கும். கோடை வெயிலிலும் அவர் கையைத் தொட்டால் பிரிட்ஜுக்குள் இருந்து எடுத்ததுபோல இருக்கும். காரணம் தெரிந்திருந்தும் எங்களுக்கு உடம்பு கூசும். தான் அடுக்கிய பாணில் ஒரு துண்டைக்கூட அவர் தின்றதில்லையாம். அந்தப் பாணை மட்டுமில்லை, அவர் எதையும் சாப்பிட்டு நாங்கள் யாரும் கண்டதில்லை.

படையல் நாளில் அவர் செய்வது எப்போதும் ஒரே மாதிரி. விடியவே வந்து சமைப்பார். இலையில் ஒவ்வொன்றாக வைப்பார். கற்பூரம் காட்டியதும் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்துவார். நாங்கள் படிக்கட்டிலும் கொரிடோரிலும் மூச்சுக் காட்டாமல் நிற்போம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவில் மூன்று தரம் தட்டிவிட்டு அவர் மட்டும் உள்ளே போவார், கதவை மறுபடி சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது வலது கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வருவார்.

“வந்தவர்” என்பார். “சோத்தில கை வைச்சிருக்கிறார். போய்ப் பாருங்கோ.”

போய்ப் பார்ப்போம். உண்மையாகவே சோற்றின் ஓரத்தில் விரல்கள் அள்ளிய பள்ளம் இருக்கும். செத்தவரின் மனைவியோ மகனோ அதைக் கண்டவுடன் ஒரு சத்தம் போட்டு அழுவார்களே, அந்தச் சத்தத்தை நான் நாலைந்து வீடுகளில் கேட்டிருக்கிறேன். எட்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உடைகிற சத்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். அக்காவையும் கூப்பிடுவார்கள். “நான் சாப்பிட்டிட்டன்” என்று சொல்லிவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டுவார்.

விடியத்தில் இருந்து அவரோடு குசினிக்குள் நின்ற பெண்களுக்குத் தெரியும், அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று.

பெற்றோல் நிலையத்தில் என்னோடு ஒரு அண்ணை வேலை செய்தார். நீரிழிவு அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசமாட்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு விற்காமல் மிஞ்சின பேஸ்ட்ரியையும் கோக்கையும் முடிப்போம். வீட்டுக்குப் போய் மலைபோல வெள்ளைச்சோறு. ஊரில் சாப்பிட்டதுதானே இது என்று அண்ணை சொல்வார். ஊரில் அதைத் தின்றுவிட்டு வெயிலில் சைக்கிள் மிதித்தோம், இங்கே தின்றுவிட்டு ஸ்டூலில் இருக்கிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அந்த அண்ணையிடம் அக்கா மண்டபத்தில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது அக்காவைப்பற்றிய கதை இன்னும் பரவவில்லை.

“சிவப்பரிசிச் சோறும் முருங்கையிலை வறையும் அக்கா. அது கிடைச்சால் இண்டைக்கே சாகலாம்” என்றார் அண்ணை.

அக்கா சிரிக்கவில்லை. “சாகத் தேவையில்லைத் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. சமைச்சு வைக்கிறன்.”

அண்ணை போகவில்லை. ஞாயிறு டபிள் ஷிப்ட். அடுத்த ஞாயிறும் டபிள் ஷிப்ட். நாலு மாதத்தில் அண்ணை போய்ச் சேர்ந்தார். எட்டாம் நாள் அவருடைய முன்னறையில் சிவப்பரிசிச் சோறும் முருங்கையிலை வறையும் இலையில் இருந்தன. “வந்தவர் தங்கச்சி, இலை வறையிலதான் நல்லாக் கை வைச்சிருக்கிறார்” என்று அக்கா சொன்னதும், எட்டு நாளாகத் தேத்தண்ணீரில் உயிர் வைத்திருந்த அண்ணையின் மனைவி தரையில் விழுந்து அழுதுவிட்டு, எழுந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அந்த அக்கறையை நாங்கள் பார்க்கவில்லை. அக்கா கேட்டார், அண்ணை செத்தார். எங்கள் கணக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிளேஸ்டோவில் ஒரு மாமியிடம் கேட்டார், மாமியும் போனார். பிறகு இன்னொருவர். இவர்கள் எல்லோரும் கழுத்து கறுத்து, தாகத்துக்கு அலைந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மண்டபத்து டொய்லெட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் என்பதை யார் யோசித்தது? அக்காவுக்குக் கண் இருந்தது. எங்களுக்கு வாய்தான் இருந்தது.

ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

“தம்பி, உங்களிட்டைக் கார் இருக்கெல்லோ? மண் மூட்டை ஆறு எடுக்கவேணும்.”

மூன்றாம் மாடிக் கவுன்சில் ஃபிளாட்டில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஆறு மூட்டை மண் எதற்கு? கேட்கத் தைரியம் வரவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அந்த நாட்களில் என் இடது காலில் சின்ன விரலுக்குப் பக்கத்து விரலில் ஒரு புண் இருந்தது. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. நொண்டாமல் நடக்கப் பழகியிருந்தேன்.

அவர் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது சூடு. வெளியே உறைபனி, உள்ளே ஈரமும் வெக்கையும் மண் மணமும். எல்லா யன்னல்களிலும் திரை இழுத்திருந்தது. குளியலறைக் கதவுக்குக் கீழே மட்டும் ஒரு வெள்ளை வெளிச்சக் கோடு.

“உள்ளுக்கை வையுங்கோ” என்றார்.

குளியல் தொட்டி விளிம்பு வரை மண்ணால் நிறைந்திருந்தது. ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அளவு மண். நான் மூட்டையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பிறகுதான் அதன்மேல் பச்சையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்தேன். வல்லாரை. தலைமாட்டில் பொன்னாங்காணி. மேலே இரண்டு டியூப்லைட், கீழே ஒரு ஹீட்டர். இலைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் சிங்க்கில குளிப்பன்” என்றார் அக்கா, நான் கேட்காமலே. “பழைய மண்ணில சத்துப் போயிட்டுது. அதுதான் மாத்தப்போறன்.”

அன்றைக்குத்தான் தன் கணவரைப்பற்றிச் சொன்னார். தேத்தண்ணீர் தந்தார், சீனி இல்லாமல். எனக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னார். கணவர் முதலில் இலண்டனுக்கு வந்து ஒற்றை அறையில் இருந்து பாணும் டின் மீனும் தின்று வேலை செய்திருக்கிறார். அக்கா வந்து சேர்ந்தபோது ஒரு கால் இல்லை. ஆறு மாதத்தில் ஆளும் இல்லை.

“ஆஸ்பத்திரியில கிடந்து ஒடியல் கூழ் கேட்டவர். பனங்கிழங்கு மாவுக்கு நான் எங்கை போறது? ஊரில சண்டை, பாதை பூட்டு. இஞ்சை ஒரு கடையிலும் இல்லை. எட்டுக்குப் பாணும் பட்டரும்தான் வைச்சனான். கதவைச் சாத்திப்போட்டு ஒரு மணித்தியாலம் நிண்டனான். திறந்தால் பாண் காய்ஞ்சு கிடக்கு. வரேல்லை.”

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“பிறகு ஒரு ஆள் கொழும்பில இருந்து மா கொண்டுவந்து தந்தது. ஒவ்வொரு திவசத்துக்கும் கூழ் காய்ச்சி வைக்கிறன். ஒருக்காலும் வரேல்லைத் தம்பி. முதல்நாள் ஏமாந்த ஆள் பிறகு வராது போல.”

எத்தனையோ வீடுகளில் வந்தவர், வந்தவர் என்று சொன்ன வாய் தன் வீட்டுக்கு மட்டும் வரேல்லை என்று சொன்னது. எனக்கு அது விளங்கவில்லை. விளங்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

“இந்த ஊரில எங்கட சனத்துக்குச் செத்தால்தான் நல்ல சாப்பாடு” என்றார் அக்கா. “உயிரோட இருக்கேக்கை பாணும் கோக்கும். செத்தாப் பிறகு வல்லாரையும் குரக்கனும் சிவப்பரிசியும். அதை முன்னுக்கே குடுத்தால் என்ன எண்டுதான் கேட்டுத் திரியிறன். சனம் பயந்து ஓடுது.”

பிறகு குனிந்து என் இடது சப்பாத்தைப் பார்த்தார்.

“எத்தினை நாளாப் புண்?”

“புண் ஒண்டும் இல்லை அக்கா.”

“உங்களுக்கு என்ன விருப்பம் தம்பி?”

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். “கோழிக்கறியும் அரிசிமாப் பிட்டும்” என்றேன்.

அவர் கண்ணை எடுக்கவில்லை. “அது நீங்கள் ஆக்களுக்குச் சொல்லுறது” என்றார்.

ஆறாவது மூட்டை காரிலேயே இருந்தது. அதைக் கட்டடத்தின் வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மனைவி திருநீறை அள்ளி என் நெற்றி முழுக்கப் பூசினாள். “இனி அந்த மனுசி இந்த வாசல்படி மிதிக்கக்கூடாது” என்றாள். அடுத்த கிழமை மணி அடித்தது, நாங்கள் திறக்கவில்லை, பிறகு பார்த்தால் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே பெட்டியில் சிவப்பரிசிச் சோறும் வல்லாரைச் சம்பலும். இன்னும் சூடு ஆறவில்லை.

“உயிரோட இருக்கிற மனுசனுக்குப் படையலோ?” என்று கத்திக்கொண்டே மனைவி அதைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அதே பயம்தான். அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு வாய் வைத்தால் என் எட்டு அன்றைக்கே தொடங்கிவிடும் என்று, பெற்றோல் நிலையத்தில் கம்பியூட்டரைத் தட்டுகிற, இங்கிலிஷ் பேப்பர் வாசிக்கிற நான் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைக்கு என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். நல்ல பிள்ளை. என்னென்ன சாப்பிடலாம் என்று ஒரு தாள் தந்தார். அவித்த உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, செலரி. செலரி என்றால் என்ன என்று கேட்கவும் எனக்கு வெட்கம். வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள் என்று அவர் கேட்டதற்கும் கோழிக்கறி என்றுதான் சொன்னேன். தாள் பிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்கியது. அந்தக் கதவைத் திறந்து கோக் எடுத்துக் குடித்தேன். அந்தக் கோடையில் விரலை எடுத்தார்கள். இனிப் புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதம் போகும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இரண்டும் பிரைமரியில். ஸ்டூலில் இருந்து எழும்பமுடியாத தகப்பனாக அவர்களுக்கு முன்னால் இருக்கப்போகிறேன் என்று நினைத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்குள் அழுதேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அக்கா வந்தார். மணி அடித்தது. மனைவி திறக்கவில்லை. மேல்மாடியில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் பையைக் கதவுப்பிடியில் கொளுவிவிட்டு, நடைபாதைக்குப் போய்த் திரும்பி, நேரே நான் நின்ற யன்னலை நிமிர்ந்து பார்த்தார். நான் நிற்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிடித்திருந்த திரையை விட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதுதான் நான் அவரை உயிரோடு கண்ட கடைசி நாள். அடுத்த வருடம் மாரிகாலத்தில், வேலை முடிந்து வரும் வழியில், பஸ் தரிப்பில் இருந்தபடியே செத்துப்போனார். மடியில் கைப்பையோடு நிமிர்ந்து இருந்தாராம். ஒரு பஸ் வந்து போய், இன்னொன்றும் வந்து போன பிறகுதான் பக்கத்தில் இருந்தவர் கையைத் தொட்டுப் பார்த்தாராம். அந்தக் கை எப்போதும் குளிர்ந்ததுதானே.

சொந்தம் என்று ஒருவரும் வரவில்லை. ஃபிளாட் கதவுத் திறப்பு ஒன்று அக்கா கொடுத்து அண்ணையின் மனைவியிடம் இருந்தது. அவர்தான் எட்டுச் செய்யவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். என் மனைவியும் வந்தாள். “செத்தாப் பிறகு என்ன கோபம்” என்றாள், ஆனால் அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்போம். ஹீட்டரை யாரோ நிறுத்தியிருந்தார்கள். தொட்டியில் வல்லாரை கறுத்துப் படுத்திருந்தது.

“சரி, அக்காவுக்கு என்ன விருப்பம்?” என்று யாரோ கேட்டார்கள்.

ஊர் முழுக்கக் கேட்டுத் திரிந்த மனிசியிடம் அந்தக் கேள்வியைத் திருப்பி ஒருவரும் கேட்டதில்லை.

குசினியில் ஒரு டீப் ஃபிரீசர் இருந்தது. சமைக்க ஏதாவது இருக்குமா என்று அண்ணையின் மனைவி அதைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். எட்டிப் பார்த்தோம். விளிம்பு வரை சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாள் ஒட்டி, பெயர் எழுதி, பெயருக்குக் கீழே சாப்பாடு எழுதியிருந்தது. முருங்கையிலை. வல்லாரை. சிவப்பரிசி மா. எல்லாம் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள். அந்த ஃபிளாட்டில் நின்ற எங்கள் பெயர்கள்.

“இதென்ன, எங்கட படையலோ?” என்று என் மனைவி கேட்டாள்.

“நாங்கள் கேட்டு வருவம் எண்டு வைச்சிருக்கிறா” என்றார் அண்ணையின் மனைவி. “இவருக்கும் இப்பிடித்தான் வைச்சிருந்தவ. ஞாயிற்றுக்கிழமைக்கு எண்டு. இவர் போகேல்லை. பிறகு அதைத்தான் எட்டுக்குச் சமைச்சவ.”

அடியில் இருந்து என் மனைவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தாளைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். என் பெயர். கீழே, குரக்கன் பிட்டு.

இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் மூன்று வருடம் அரிசி இல்லை. அம்மா குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் பிட்டு அவிப்பார். கறுப்பாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெட்டியைத் திறக்கப் பயந்து கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவேன். அதைவிட ருசியாக என் வாழ்க்கையில் நான் எதையும் சாப்பிட்டதில்லை. இதை யாருக்கும் சொன்னதில்லை. நாங்கள் எப்போதும் நெல்லுச்சோறு தின்ற ஆட்கள் என்றுதான் மனைவி வீட்டாருக்குச் சொல்லிக் கலியாணம் செய்தேன். அம்மா இல்லை. ஊரில் தெரிந்தவர்களும் இல்லை. அக்காவுக்கு யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“உங்களுக்குக் குரக்கனோ?” என்றாள் மனைவி. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அக்காவின் பெயரில் ஒரு பொட்டலமும் இல்லை. செத்தவர்களின் பெயரிலும் இல்லை, ஒன்றைத் தவிர. பனி மூடி அடியோடு ஒட்டிக் கிடந்ததைக் கத்தியால் கிளப்பி எடுத்தோம். அதில் பெயர் இல்லை. “அவருக்கு” என்று மட்டும் இருந்தது. உள்ளே ஒடியல் மா.

கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பொட்டலத்தை உடைத்துக் கொடுத்தோம். எங்கள் எல்லோருடைய விருப்பமும் சேர்ந்து அக்காவின் படையல் ஆனது. அவருக்கென்று இருந்த மாவில் கூழும் காய்ச்சினோம். ஒரு கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, அந்தச் சின்னக் கொரிடோரில் தோளோடு தோள் உரச நின்றோம். நேரம் போனது. அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே விஷயம் உறைத்தது. உள்ளே போய்ப் பார்க்கிற ஆள் அக்காதான். இப்போது யார் போவது?

“நீங்கள் போங்கோ தம்பி” என்றார் அண்ணையின் மனைவி. “உங்களிட்டை ரெண்டு தரம் வந்தவ. ரெண்டு தரமும் திறக்கேல்லை.”

மூன்று தரம் தட்டினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். யன்னல் பூட்டியிருந்தது. சாம்பிராணிப் புகை அசையாமல் நின்றது. இலைக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சோறு வைத்தபடி இருந்தது. வறை வைத்தபடி. பிட்டு வைத்தபடி. கூழ் தளும்பத் தளும்ப. ஒரு பருக்கைகூட அசையவில்லை.

வரவில்லை.

வெளியே பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது. அண்ணையின் மனைவி விம்முவதும் கேட்டது. போய் வரேல்லை என்று எப்படிச் சொல்வது? என் கை தானாகக் குரக்கன் பிட்டுக்குள் போனது. மூன்று விரலால் ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு. இலையில் கறுப்புப் பிட்டின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தை நான் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அழுதேன். ஒவ்வொரு வீட்டிலும், சாத்திய கதவுக்குள், அந்த மனிசி தனியாக இருந்து செத்தவர்களின் சோற்றில் ஒரு பிடி தின்றிருக்கிறார், வெளியே நிற்பவர்கள் சாப்பிடவேண்டும் என்று. தன் கணவரின் இலையில் மட்டும் அவரால் அதைச் செய்யமுடியவில்லை.

காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

“வந்தவ” என்றேன். “பிட்டில கை வைச்சிருக்கிறா.”

அண்ணையின் மனைவி சத்தம் போட்டு அழுதார். மனைவி என் கையைப் பிடித்து, “வாங்கோ, சாப்பிடுங்கோ” என்றாள்.

“நான் சாப்பிட்டிட்டன்” என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குரக்கன் உண்டு. ஊசியும் மருந்தும் விடவில்லை, ஆனால் கோக்கை விட்டேன். நாலு விரலோடு அந்தப் பாதம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளோடு பார்க்கில் நடந்தேன். குளியலறையில் ஒரு வாளியில் வல்லாரை வைத்திருக்கிறோம்.

ஒன்றை மட்டும் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரும் உள்ளே போய்ப் பார்த்து அழுது முடிந்து, இலையை எடுக்கப் போனவள் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள்.

“பிட்டைத் தின்னுறதெண்டால் தின்னுங்கோ” என்றாள், ஒருவருக்கும் கேட்காத குரலில். அவளுக்கு விளங்கிவிட்டது. “ஆனால் கூழையும் ஏன் குடிச்சனீங்கள்? அரைக் கிண்ணம் குறைஞ்சு கிடக்கு.”

கிண்ணத்தைப் பார்த்தேன். உள்விளிம்பில் கூழ் நின்ற கோடு ஈரமாக இருந்தது. நான் கூழைத் தொடவில்லை.

“பசிச்சுது” என்றேன்.